சின்ன காரில் நான் வைத்த பதினாறு கற்கள்

அண்ணே,

இரண்டாம் கட்டின் கடைசி அறையில், நெல் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மின்விளக்கைப் போட்டால் ஆத்தா விழித்துக்கொள்வார். அதனால் ஓர் அகலில் விளக்கெண்ணெய் ஊற்றி ஏற்றிக்கொண்டேன். திரி கருகத் தொடங்கியதும் எழுந்த வாசனையில் என் கை நின்றுபோனது. அது உங்கள் காரின் வாசனை.

எஞ்சின் மூடிக்குக் குறுக்கே ஒரு தோல்வார் இருக்குமே, அதை வெள்ளிக்கிழமைதோறும் விளக்கெண்ணெய் தொட்டுத் தேய்ப்பீர்கள். எஞ்சின் சூடேறினால் வாரும் சூடேறும். பெட்ரோல் நெடியை மீறிக்கொண்டு அந்த வாசனை வரும். காரை விற்று ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. பர்மாவில் காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள் என்று தந்தி வந்து நாற்பது நாள் ஆகிறது. இந்த வாசனை மட்டும் இன்று வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறது.

விடிந்ததும் அண்ணியை அழைத்துப் போக அவர் பிறந்த ஊரான நெற்குப்பையிலிருந்து அவருடைய அண்ணன் வருகிறார். இனி அண்ணி இந்த வீட்டுக்குத் திரும்புவார் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்று காரைக் கண்மாயில் இறக்கியது தன் கை என்று அவர் நம்புகிறார். ஆத்தாவும் அப்படியே நம்புகிறார். நீங்களோ உங்கள் கை என்று நம்பிக்கொண்டே கப்பல் ஏறினீர்கள். மூன்று பேர் நம்பியதும் தவறு. உண்மை உங்கள் தங்கையான எனக்கு மட்டும் தெரியும். விடிவதற்குள் அதை அண்ணியிடம் சொல்லியாக வேண்டும். அவர் முகத்தைப் பார்த்து எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஆகவே முதலில் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தக் காரை நீங்கள் ஓட்டிக்கொண்டு வந்த மத்தியானம் நினைவிருக்கிறதா? திருச்சியில் சீமைக்குத் திரும்பும் ஒரு துரையிடம் வாங்கியது. தையல் மிஷின் ஓடுவது போல ஒரு சத்தம் தெருமுனையில் கேட்டது. நான் வாசலுக்கு ஓடி வந்தபோது தெருவில் பாதிப் பேர் நின்றிருந்தார்கள். பச்சை நிறம். மேலே கூரை இல்லை. இரண்டே இரண்டு இருக்கை. நீங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தது பலகையில் சாப்பிட உட்கார்ந்தது போல இருந்தது. கதவைத் தாண்டிக் கையை நீட்டினால் தரையைத் தொடலாம்.

பெற்ற மகன் வாங்கி வந்ததை அப்பச்சி வெளியே வந்து பார்த்தார். அவருடைய கார் எட்டுப் பேர் உட்காரும் அமெரிக்கக் கார். அதன் பக்கத்தில் உங்களுடையதை நிறுத்தியிருந்தீர்கள்.

"என்னப்பா இது? ஊர்ல கார் வாங்கினா நாலு பேரு அண்ணாந்து பாக்கணும். இதைக் குனிஞ்சுல்ல பாக்க வேண்டியிருக்கு!"

"விலை சல்லிசு அப்பச்சி. ஆனா ஓட்டம் அப்படி" என்றீர்கள்.

"சல்லிசா கெடைக்குதுன்னு யாராச்சும் பாதிக் காரை வாங்குவாகளா?" என்று ஆத்தா உள்ளிருந்து கேட்டார். தெருவே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். அண்ணி மட்டும் கதவோரம் நின்று அதன் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது முழுக்க உங்களுடையது. கல்யாணம் முடிந்ததும் வழக்கப்படி உங்கள் இருவரையும் வேறு வைத்திருந்தார்கள். ஒரே வீடு, ஒரே முற்றம். ஆனாலும் உங்களுக்குத் தனி அடுப்பு, வருஷத்துக்கு ஒருமுறை அப்பச்சி கொடுப்பதில் தனிக் குடித்தனம். அதில் மிச்சம் பிடித்துத்தான் காரை வாங்கினீர்கள். அண்ணி என்னிடம் சொன்னார்: "முன் சக்கரம் ரெண்டும் எங்க நெய்யி உமையா. பின் சக்கரம் ரெண்டும் நான் எடுக்காத தீவாளிச் சேலை. உங்க அண்ணன் மேல மண்ணு பட்டாலும் படட்டும், என் சக்கரத்துல படாமப் பாத்துக்கச் சொல்லு."

அப்பச்சியின் டிரைவர் சாமிக்கண்ணு அதற்குச் செருப்பு என்று பேர் வைத்தார். "சின்ன முதலாளி செருப்பைப் போட்டுக்கிட்டு எங்க கிளம்பிட்டீக?" என்பார். நடைக்குத்தான் சரி என்ற அந்தக் கேலி உண்மைதான். நேர் ரோட்டில் அந்த எஞ்சினுக்குப் பலமே கிடையாது. மேட்டில் மூச்சு வாங்கும். எதிர்க் காற்றடித்தால் மாட்டு வண்டிக்காரர்கள் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆனால் ஒரு நாள் குன்றக்குடிக்குப் போனோம். அப்பச்சியும் ஆத்தாவும் பெரிய காரில் முன்னால் போக, நான் உங்களோடு வந்தேன். நேர் ரோட்டில் சாமிக்கண்ணு புழுதியை நம் முகத்தில் அடித்துவிட்டுப் பறந்தார். நீங்கள் அவசரப்படவில்லை. பிறகு கண்மாய்க் கரை வந்தது. அங்கே ரோடு கரையோடு சேர்ந்து மூன்று முறை வளையும். பெரிய கார் ஒவ்வொரு வளைவிலும் நின்று, யானை திரும்புவது போலத் திரும்பியது. நீங்கள் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைத் தணித்தீர்கள். உள்ளே நுழைந்ததும் இரண்டு விரலால் ஸ்டியரிங்கை இழுத்தீர்கள். கார் நீங்கள் நினைத்த இடத்துக்குத் தானாகப் போய் நின்றது போல இருந்தது. மூன்றாவது வளைவில் அவருடைய பின் விளக்கைத் தொட்டுக்கொண்டு போனோம்.

கோவில் வாசலில் இறங்கியதும் சாமிக்கண்ணு உங்கள் காரைச் சுற்றி வந்தார். "இது காரா, சுவத்துப் பல்லியா சின்ன முதலாளி? நானும் முப்பது வருசமா வண்டி பாக்குறேன். இப்படி ஒட்டிக்கிட்டுப் போறதை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

அன்று உங்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். அண்ணிக்குக்கூடத் தெரியாது, அவர் அன்று வரவில்லை. திருப்பத்தூர் ரோட்டில் ஒரு மோட்டார் பட்டறை போட வேண்டும், நம் குடும்பத்துப் பர்மாக் கடைக்குப் போகக் கூடாது என்று நீங்கள் முடிவு செய்தது அந்த வாரத்தில்தான். அப்பச்சியிடம் தைரியமாகச் சொல்லியும்விட்டீர்கள். அவர் சம்மதிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. "பாப்போம்" என்றார். நம் வீட்டில் அப்பச்சி "பாப்போம்" என்றால் அது பாதிச் சம்மதம்.

ஆனால் அந்த வளைவுகளில் நான் எப்படி இருந்தேன் என்று நீங்கள் கவனிக்கவில்லை. என் பக்கம் சாய்ந்தபோது தரை என் முழங்கைக்கு அருகில் ஓடியது. கத்திவிட்டேன்.

"பயப்படாத புள்ள. இது தரையைக் கெட்டியாப் பிடிச்சிருக்கு. கனம் இல்லாததாலதான் சொன்ன பேச்சைக் கேக்குது" என்றீர்கள்.

நான் நம்பவில்லை. பயந்த பிள்ளைக்குச் சொல்லும் சமாதானம் என்று நினைத்தேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் பிறந்த வீட்டில் நல்லது எல்லாம் கனமாகத்தான் இருந்தது. பர்மாத் தேக்குக் கதவை நான் ஒருத்தியாகத் திறக்க முடியாது. அண்டாவை நாலு பேர் தூக்குவார்கள். கல்யாணத்தன்று தங்கக் கழுத்திருவைக் கழுத்தில் பூட்டியபோது அண்ணியால் தலையை நிமிர்த்த முடியவில்லை. பார்த்த ஆச்சிமார் எல்லாரும், "என்ன கனம், என்ன கனம்" என்று மகிழ்ந்தார்கள். கனமில்லாத பாத்திரத்தை ஆத்தா விரலால் சுண்டிப் பார்த்துத் தள்ளிவிடுவார். உங்கள் காரையும் அவர் அப்படித்தான் சுண்டிப் பார்த்தார். "தகரம். காத்தடிச்சா பறந்துரும்" என்றார்.

எல்லாம் சரியாக இருக்கிற அந்தக் காரில் ஒரே ஒரு குறை கனமில்லாததுதான் என்று நானும் முடிவு செய்தேன்.

மாசி மகத்துக்குத் திருக்கோஷ்டியூர் போய், தெப்பக்குளத்தில் விளக்கு எடுத்து வர வேண்டும் என்று அண்ணி வேண்டியிருந்தார். மூன்று வருஷமாகியும் குழந்தை இல்லை என்று யாரும் அவரைக் கேட்காத நாள் கிடையாது. பெரிய காரில் போகலாம் என்று ஆத்தா சொன்னார். "எங்க வேண்டுதலுக்கு எங்க காரில போறோம் ஆத்தா" என்றீர்கள். அண்ணி அதில் ஏறுவது அதுதான் முதல் தடவை. அங்கே போகவும் அதே கண்மாய்க் கரை வழிதான். முதல் நாள் பூராவும் நான் அந்த மூன்று வளைவுகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி தூக்கி எறியப்படுவது போலவே கண்ணில் தெரிந்தது.

மாடி முகப்புக்குத் தளம் போட்டதில் மிஞ்சிய ஆத்தங்குடிக் கற்கள் கார்க் கொட்டகையில் அடுக்கியிருந்தன. பச்சையும் சிவப்புமாகப் பூப் போட்ட பெரிய கற்கள். மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்த பிறகு நான் அங்கே போனேன். உங்கள் இருக்கைக்குப் பின்னால், காரின் வாலில், மழைக்குப் போடும் கித்தான் மடித்து வைத்திருப்பீர்கள். அதை எடுத்தேன். அடியில் சாக்கை விரித்தேன். ஒரு தடவைக்கு இரண்டு கல்லாக எட்டுத் தடவை நடந்தேன். சத்தம் வராமல் ஒவ்வொன்றாக அடுக்கி, மேலே கித்தானை முன்போலவே மடித்து வைத்தேன். பதினாறு கற்கள். முடித்ததும் கையைக் கழுவிவிட்டுச் சாமி அறையில் விழுந்து கும்பிட்டேன். அன்று முழுக்க ஏதோ நல்லது செய்த பூரிப்பு எனக்கு.

காலையில் நீங்கள் கிளம்பியபோது நான் வாசலில் நின்றேன். கார் கொட்டகையிலிருந்து தெருவுக்கு ஏறும் சரிவில் திணறியது.

"என்ன, இன்னைக்கு வண்டி கொஞ்சம் அசமந்தமா இருக்கே" என்றீர்கள்.

அண்ணி உடனே, "என்னைய ஏத்தினதாலதானே? மனசுல வச்சுக்காம நேராச் சொல்லுங்க" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலியே. மேடுதான் சொல்லுது."

"அப்ப மேட்டுல நான் இறங்கி நடந்து வாரேன். நீங்க உங்க செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வாங்க."

நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அண்ணே, பின்னால கல்லு வச்சிருக்கேன்." அவ்வளவுதான். நீங்கள் இறங்கிப் பார்த்து என் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பீர்கள். கற்களை எடுத்து எறிந்துவிட்டுப் போயிருப்பீர்கள். எங்கே எடுக்கச் சொல்லிவிடுவீர்களோ என்றுதான் நான் வாயை மூடிக்கொண்டேன்.

பத்து மணிக்கு மேல் உங்களை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். உங்கள் வலது மணிக்கட்டு முறிந்து தொங்கியது. அண்ணிக்கு நெற்றியில் காயம், உடம்பெல்லாம் சேறு. கண்மாய்க் கரையில், இரண்டாவது வளைவில், கார் சறுக்கிக் கரையிலிருந்து தண்ணீர்ப் பக்கம் கவிழ்ந்துவிட்டது. சாயங்காலம் நாலு ஜோடி மாடு பூட்டிக் காரை இழுத்து வந்தார்கள். நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். கித்தான் பாதி கிழிந்து தொங்கியது. உள்ளே சாக்கும் இல்லை, ஒரு கல்லும் இல்லை.

கையில் மூங்கில் பத்தை கட்டி உங்களைப் படுக்க வைத்திருந்தார்கள். நான் மோர் கொண்டுவந்தேன். நீங்கள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினீர்கள்.

"வால் முந்திக்கிட்டு வந்துச்சு புள்ள. அது அப்படிச் செய்யிற வண்டியே கிடையாது. நான் என்ன செஞ்சேன்னு எனக்கே தெரியல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வைத்த கனம் காரைப் பிடித்து நிறுத்தவில்லை. வாலைப் பிடித்துச் சுழற்றியிருக்கிறது. மோர்ச் செம்பைத் தரையில் வைத்தேன். கிணற்றடிக்குப் போய் ஒளிந்துகொண்டேன். பயந்துவிட்டாள் பிள்ளை என்று ஆத்தா எனக்கு விபூதி பூசிவிட்டார்.

அண்ணியை ஏன் பக்கத்தில் உட்கார வைத்தாய், பேச்சுக் கொடுத்தாளா என்றெல்லாம் ஊரே உங்களைக் கேட்டது. எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னீர்கள்: "என் கை தப்பிருச்சு." அந்த நான்கு நாளில் நீங்கள் அதை எத்தனை தடவை சொன்னீர்கள் என்றால், ஐந்தாம் நாள் நீங்களே அதை நம்பிவிட்டீர்கள். பட்டறைப் பேச்சை நீங்கள் எடுக்கவில்லை. அப்பச்சிதான் எடுத்தார்.

"ஒரு வளைவுல நிக்காத கை, நாளைக்கு ஊரான் காரைத் தொட்டு என்னப்பா செய்யப் போகுது?"

முந்தைய மாதமாக இருந்தால் நீங்கள் பதில் பேசியிருப்பீர்கள். அன்று கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு, "பர்மாவுக்கே போறேன் அப்பச்சி" என்றீர்கள். காரைத் திருப்பத்தூர்க்காரர் ஒருவர் வாங்கிப் போனார். அதைத் தெருமுனை வரைகூட நீங்கள் வழியனுப்ப வரவில்லை. பங்குனிக் கடைசியில் கப்பல் ஏறினீர்கள்.

வைகாசியில் கண்மாய் வற்றியது. ஆத்தாவோடு குன்றக்குடிக்குப் போனபோது இரண்டாவது வளைவில் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை. வெடித்த சேற்றில் நம் வீட்டுக் கற்கள் கிடந்தன. சிலவற்றில் பூ மேலே பார்த்திருந்தது. ஆத்தாவும் பார்த்தார். "யாரோ நல்ல கல்லைக் கொண்டாந்து கொட்டியிருக்கான் பாரு" என்றார். நான் "ஆமாத்தா" என்றேன்.

இதற்குப் பிறகு நான் செய்தது அந்தக் கற்களை விட மோசமானது. கற்களை வைத்தபோது நான் அறியாப் பிள்ளை. இதைத் தெரிந்தே செய்தேன்.

ஆத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உங்களுக்குப் போன கடிதங்கள் எல்லாம் அவர் சொல்ல நான் எழுதியவை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எழுதினேன். வெந்நீர் குடி, கொசுவலை கட்டிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. கடைசியில் எப்போதும் ஒரு கை அகலம் இடம் மிஞ்சும். "நீயும் ஒரு வரி எழுதிக்க" என்று ஆத்தா எழுந்து போவார். அந்த இடத்தில் நான் என்ன எழுதினேன்? பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதலாவதாக வந்தேன். பசு கன்று போட்டது. நாங்கள் நலம்.

உங்களிடமிருந்து வந்த கடிதங்களையும் நான்தான் உரக்கப் படிப்பேன். ஆத்தா எதிரில் உட்கார்ந்திருப்பார். அண்ணி கதவுக்கு அப்புறம் நிற்பார். ஒரு கடிதத்தில் நீங்கள் இப்படி எழுதியிருந்தீர்கள்: "பக்கத்துக் கடைக்காரர்கள் ஒரு கார் வாங்கியிருக்கிறார்கள். என்னை ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். என் கை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். இனி நான் ஓட்டுவதாக இல்லை." என் குரல் நடுங்கவில்லை, அண்ணே. நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போனேன். அன்றே பதில் எழுதினேன். ஒரு கை அகலம் இடம் இருந்தது. "இங்கே நல்ல மழை" என்று எழுதினேன்.

ஒரு வரி எழுதினால் என்ன ஆகும் என்று தினமும் யோசிப்பேன். நீங்கள் அப்பச்சிக்கு எழுதுவீர்கள். அப்பச்சி என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்துவார். ஆத்தா என் முகத்தில் விழிக்க மாட்டார். இதற்குப் பயந்தேன். பர்மாக் கடையில் மூன்று வருஷ வேலைக் கணக்கை முடித்து நீங்கள் திரும்பி வந்ததும் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளினேன். நீங்கள் திரும்பி வராமல் போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தந்தி வந்து இருபது நாள் கழித்து, சாமிக்கண்ணு துக்கம் கேட்க வந்தவர்களோடு உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "அந்தத் திருப்பத்தூர்க்காரரு அதே கண்மாய்க் கரையில பூ மாதிரி திருப்புறாரு. வண்டி ஒரு குறையும் சொல்ல முடியாதாம்."

ஆத்தா மெல்லக் கேட்டார்: "அப்ப வண்டி மேல தப்பில்ல?"

சாமிக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் அண்ணி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். "அவுக மேலயும் தப்பில்ல ஆத்தா. கரைக்கு முந்தி நேர் ரோட்டுல, ஸ்டியரிங்க நானும் ஒரு தடவ பிடிச்சுப் பாக்குறேன்னு கைய வச்சேன். வளைவு வந்ததும் எடுத்துட்டேன். எடுத்துட்டேன்னுதான் நெனச்சேன். எடுக்கலபோல. எனக்காகத்தான் அவுக தன் கைன்னு சொன்னாக."

அன்றிலிருந்து ஆத்தா அண்ணியின் அடுப்பில் வெந்த எதையும் தொடுவதில்லை. திட்டவில்லை. திட்டினால்கூட அண்ணி இருந்திருப்பார். ஒரே முற்றத்தில் அவர் நடந்தால் ஆத்தா முகத்தைத் திருப்பிக்கொள்வார். போன வாரம் அண்ணியே நெற்குப்பைக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

எழுதிவிட்டேன். இப்போது போய்ச் சொல்கிறேன்.

போய்விட்டு வந்தேன். மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

அண்ணி தூங்கவில்லை. தன் அடுப்படியில் பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். "என்ன உமையா, தண்ணி வேணுமா?" என்றார்.

"அண்ணி, நீங்க கைய எடுத்துட்டீகதான். எனக்குத் தெரியும்" என்றேன்.

பிறகு நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கு, எட்டு நடை, கித்தான், கண்மாயில் பார்த்தது எல்லாம். அவர் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"எத்தன கல்லு?"

"பதினாறு."

"மாடிக்குப் போட்ட பெரிய கல்லா?"

"ஆமா அண்ணி."

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு, "அதான் மேட்டுல இழுத்துச்சா? போற வழியெல்லாம் என்னையச் சொல்லிச் சொல்லி எம்புட்டுச் சிரிச்சாக..." என்றார். சிரிப்புப் போலத்தான் தொடங்கியது. பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் போனேன். அவர் என்னை அணைக்கவில்லை. தள்ளவும் இல்லை.

"வாராவாரம் எழுதினியே உமையா. அவுகளுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே."

அவர் கேட்டது நியாயம்தான். அது இனி எந்நாளும் என்னை விடாது. மற்றதை எல்லாம் பன்னிரண்டு வயதின் பேரில் சொல்லிக்கொள்ளலாம். வாராவாரம் நான் வெறுமனே விட்ட அந்தக் கை அகலக் காகிதத்தை யார் பேரில் சொல்வது? எனக்குக் கல்யாணமாகி, கிழவியாகி, எத்தனை கடிதம் எழுதினாலும் ஒவ்வொன்றின் கடைசியிலும் அந்த இடம் இருக்கும்.

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆத்தாகிட்டச் சொல்லாத. ஒரு புள்ளையத் தூக்கிக் குடுத்தவுக. உன்னையும் வெறுத்துட்டா அவுகளுக்கு யாரு இருக்கா? நான் எப்படியும் போறவ. பழி எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும்."

ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது, அண்ணே. சொல்ல வேண்டாம், அண்ணியே சொல்லிவிட்டார் என்று என் மனம் குதித்தது. அந்த நிம்மதியை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. உங்களைக் கப்பல் ஏற விட்டதும் இதே நிம்மதிதான்.

"சொல்லத்தான் போறேன் அண்ணி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

"மாட்டு வண்டி வரட்டும். நான் கெளம்புன பெறகு சொல்லு" என்றார்.

"இல்ல. நீங்க இருக்கும்போதே."

அகலில் எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கிறது. அண்ணே, உங்கள் கையில் தவறில்லை. அந்தக் கார் நீங்கள் சொன்ன பேச்சைக் கேட்டது. சொல்லாத பாரத்தை நான் ஏற்றினேன்.

ஆத்தா எழுந்துவிட்டார். முற்றத்தில் செம்பை வைக்கும் சத்தம் கேட்கிறது. அண்ணி தன் அடுப்படி வாசலில் நிற்கிறார். ஆத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே இதையும் நான்தான் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். காகிதங்களை வரிசைப்படுத்திவிட்டேன். அகலை ஊதி அணைக்கிறேன். போகிறேன்.